கறுப்பு டை கட்டிய குருவி

பெங்களூர் லால்பாகில் காலையில் நடக்கப் போகிறவர்களில் பாதிப் பேராவது அந்தக் குருவியைப் பார்த்திருப்பார்கள். ஆனால் பார்த்தோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. மாமரத்திலோ மழை மரத்திலோ சின்னக் கிளையின் நுனியில் தலைகீழாகத் தொங்கியபடி, இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருக்கும். "சிட்டுக்குருவி" என்று சொல்லிவிட்டு நாம் நடையைக் கட்டிவிடுவோம்.

அது சிட்டுக்குருவி அல்ல. அதைவிட ஒரு பிடி சிறியது. அலகிலிருந்து வால் நுனி வரை சுமார் 13 சென்டிமீட்டர்தான் இருக்கும். தலையில் கறுப்புத் தொப்பி. இரு கன்னங்களிலும் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளை. தொண்டையில் தொடங்கி நெஞ்சு வழியாக வயிற்றின் நடுவே இறங்கும் ஒரு கறுப்புப் பட்டை. முன்பக்கமாகப் பார்த்தால், வெள்ளைச் சட்டை போட்டுக் கறுப்பு டை கட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிய மனிதரைப் போலவே இருக்கும். டை கட்டும் அதிகாரிகள் அருகிவிட்ட இந்தக் காலத்தில் இந்தக் குருவி மட்டும் அதை அவிழ்ப்பதே இல்லை!

தமிழில் இதற்குப் பட்டாணிக் குருவி என்று பெயர். பட்டாணிக் குருவி ஒரே ஒரு ஜாதி அல்ல. பல ஜாதிகள் சேர்ந்த ஒரு குடும்பம். இமயமலையிலிருந்து நீலகிரி வரை இந்தியாவில் அவற்றில் பல வாழ்கின்றன. பல ஜாதிகளுக்கு இந்தக் கறுப்பு டை பொதுவாக இருப்பதால், டையை மட்டும் பார்த்து இன்ன குருவி என்று முடிவு கட்ட முடியாது. இறகின் நிறத்தையும், அந்த நிறம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆளை அடையாளம் தெரியும்.

இது பொழுதுபோக்குக்காரர்களின் விஷயம்தானே என்று தோன்றலாம். பெங்களூரிலிருந்து அரை நாள் பயணத்தில் எட்டிவிடக்கூடிய முட்காட்டில், இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பட்டாணிக் குருவி இருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்ளாமல் போவதற்கு முக்கியக் காரணமே, அது லால்பாக் குருவியைப் போலத் தோன்றுவதுதான்.

முதலில் சாம்பல் முதுகு

பொதுவாகக் காணப்படும் குருவியை நன்றாகத் தெரிந்துகொண்டால்தான் அபூர்வமானது கண்ணில் படும். ஆகையால் லால்பாக் குருவியையே இன்னும் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இதன் முதுகு சாம்பல் நிறம். அடுப்புச் சாம்பலில் லேசாக நீலம் கலந்தது போன்ற நிறம். மூடிய சிறகின் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வால் கறுப்பு, பறக்கும்போது அதன் இரு ஓரங்களிலும் வெள்ளை பளிச்சிடும். வயிறு அழுக்கு வெள்ளை. ஆணுக்கு நெஞ்சின் கறுப்புப் பட்டை அகலமாகவும், பெண்ணுக்குச் சற்று ஒடுங்கியும் இருக்கும்.

ஆண் சிட்டுக்குருவிக்கும் தொண்டையில் கறுப்பு உண்டு என்று சிலர் குழம்புவார்கள். உண்மைதான். ஆனால் சிட்டுக்குருவியின் கறுப்பு நெஞ்சோடு நின்றுவிடும், வயிற்றில் இறங்காது. முதுகும் பழுப்பு. அலகும் தானியம் உடைப்பதற்கு ஏற்றபடி தடித்திருக்கும். பட்டாணிக் குருவிக்கு அலகு குட்டை. கெட்டியான விதை கிடைத்தால் காலடியில் கிளையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுத்தியலால் அடிப்பது போல் அலகால் அடித்து உடைக்கும்.

மரப்பொந்திலும் சுவர் ஓட்டையிலும் கூடு வைப்பது இதன் வழக்கம். பொந்துக்குள் பெட்டை அடைகாத்துக்கொண்டிருக்கும்போது கையை விட்டால் பாம்பு சீறுவது போல் "உஸ்" என்று சத்தம் வரும். முட்டை எடுக்கப் போன பையன்கள் அலறிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

பழைய ஆங்கிலப் பறவை நூல்களை வைத்துக்கொண்டு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் உள்ள பெரிய பட்டாணிக் குருவியும் இதுவும் ஒன்றே என்றுதான் நீண்ட காலம் எழுதி வந்தார்கள். ஐரோப்பியக் குருவிக்கு வயிறு நல்ல மஞ்சள், முதுகு பச்சை. நம் குருவியில் மஞ்சளும் இல்லை, பச்சையும் இல்லை. குரலையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, இந்த நூற்றாண்டில்தான் நம்முடையதைத் தனி ஜாதியாகப் பிரித்தார்கள். இறகு அதைத் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது!

மஞ்சள் என்றால் மலை

குடகு, நீலகிரி முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுக்குப் போகிறவர்கள் அடுத்த ஜாதியைப் பார்க்கலாம். டை அதே டைதான். சட்டை மட்டும் மஞ்சள். கன்னமும் மஞ்சள். தலையில் கூரான கறுப்புக் கொண்டை. முதுகில் பச்சை கலந்த சாம்பல். தெற்கே உள்ள சில பெட்டைகளுக்கு டையின் கறுப்பு மங்கிப் பாசி நிறமாக இருக்கும். கொண்டையும் மஞ்சளும் சேர்ந்திருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆனால் வெறும் மஞ்சளை நம்பிவிடக் கூடாது. லால்பாக் குருவியின் குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்த புதிதில் அதன் இறகிலும் லேசான மஞ்சள் பூச்சு இருக்கும், கறுப்பு மங்கியிருக்கும், டை சரியாக விழுந்திருக்காது. அதைப் பார்த்துவிட்டு "மலைக் குருவி நகரத்துக்கு வந்துவிட்டது" என்று நண்பர்களிடம் சொல்லி அசடு வழிந்தவர்கள் உண்டு. கொண்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் அந்தச் சங்கடம் வராது.

எல்.டி.சி. எடுத்துக்கொண்டு சிம்லா, டார்ஜிலிங் பக்கம் போகிற குடும்பங்கள் அங்கே இன்னொன்றைக் காணலாம். மஞ்சள் வயிறு, பச்சை முதுகு, கொண்டை கிடையாது, சிறகில் இரண்டு வெள்ளைக் கோடு. ஒரு கோடா, இரண்டு கோடா என்று எண்ணினாலே போதும். இமயமலையில் கொண்டை வைத்ததும் வைக்காததுமாக இன்னும் பல உண்டு. அவற்றை எழுதப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது.

சாம்பலே இல்லாத குருவி

இனி அந்த அபூர்வக் குருவிக்கு வருவோம். பிடரியில் வெள்ளை இருப்பதால் இதை வெண்பிடரிப் பட்டாணிக் குருவி எனலாம். உருவம் லால்பாக் குருவியின் அளவுதான். டை உண்டு, வெள்ளைக் கன்னம் உண்டு. அப்புறம் என்ன வித்தியாசம்?

இதன் இறகில் சாம்பல் நிறம் மருந்துக்குக்கூடக் கிடையாது. முதுகு பளபளப்பான கறுப்பு. சிறகில் ஒல்லியான ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக, பட்டையாகப் பரந்து கிடக்கும் வெள்ளை. உட்கார்ந்திருக்கும்போதே அது கண்ணில் அடிக்கும். பறந்தால் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி மின்னும். ஒன்று சுத்தக் கறுப்பு, இல்லையேல் சுத்த வெள்ளை. இடைப்பட்ட நிறமே இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை. பெயரைக் கேட்டதும் எல்லோரும் முதலில் பிடரியைத்தான் பார்ப்பார்கள். அதில்தான் ஏமாறுவார்கள்! சாம்பல் முதுகுக் குருவிக்கும் பிடரியில் சின்னதாக ஒரு வெளுப்பு உண்டு. அது கழுத்தைத் திருப்பும்போது காற்றில் இறகு விலகினால் அந்த வெளுப்பு பெரிதாகத் தெரியும். எனவே பெயரில் உள்ள அடையாளத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, முதுகையும் சிறகையும் முதலில் பார்ப்பதே நல்லது.

முதுகைப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சூரியனுக்கு எதிரே நின்று பார்த்தால் சாம்பல் முதுகு கறுப்பாகத் தெரியும். அடர்ந்த நிழலிலும் அப்படியே. சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி நகர்ந்து நின்றுகொண்டு, அதே குருவியை இரண்டாம் முறை பார்க்க வேண்டும். வெயிலில் பார்த்தும் முதுகு கறுப்பாகவே இருந்து, சிறகில் வெள்ளை கோடாக இல்லாமல் பட்டையாக இருந்தால், அன்றைய பயணச் செலவு வீண் போகவில்லை.

இந்தக் குருவியை முதன்முதலில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர், சென்னை ராஜதானியில் ராணுவ மருத்துவராக வேலை பார்த்த ஜெர்டன் என்ற ஆங்கிலேயர். 1840-களில் நெல்லூரில் இருந்தபோது, அதற்கு மேற்கேயுள்ள கிழக்குத் தொடர்ச்சி மலையில் கிடைத்த ஒரு குருவியை வைத்து அதை விவரித்தார். அதே ஆண்டுகளில் சென்னையில் அச்சான அவருடைய படப் புத்தகத்தில் இந்தக் குருவியின் சித்திரமும் இடம்பெற்றது. வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள்.

அதன் பிறகு தெற்கே இந்தக் குருவியைப் பற்றிய செய்தி வெகு அபூர்வம். குஜராத்தின் கட்ச்சிலும் ராஜஸ்தானின் வறண்ட குன்றுப் பகுதிகளிலும் ஒரு கூட்டம்; ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தென்னிந்தியாவில் இன்னொரு சிறு கூட்டம். இதுதான் அதன் மொத்த உலகம். தென்னிந்தியாவில் மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டிருக்கும் இடங்களில் ஒன்று, கனகபுரத்துக்கு அப்பால் காவிரிக் கரையை ஒட்டிய முட்காடு. 1987-ல் காவிரி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேகதாட்டு பார்க்க நம்மவர்கள் பஸ் பிடித்துப் போகிற அதே வழிதான்.

லண்டன் அலமாரியில் நடந்த கதை

இறகைச் சரியாகப் பார்க்காததால் ஒரு ஜாதியே மறைந்து கிடக்க முடியுமா? முடியும். மரத்துக்கு மரம் ஆராய்ச்சி நடந்த இங்கிலாந்திலேயே அது நடந்தது.

அங்கே கறுப்புத் தொப்பியும் பழுப்பு முதுகும் உள்ள ஒரு பட்டாணிக் குருவி உண்டு. அதற்குச் சதுப்புப் பட்டாணிக் குருவி என்று பெயர். 1897-ல் க்ளைன்ஷ்மிட் என்ற ஜெர்மானியர் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் பாடம் செய்து வைத்திருந்த இந்தக் குருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் இரண்டு மட்டும் வேறு மாதிரி இருந்தன. மற்றவற்றின் தொப்பி எண்ணெய் தடவியது போல் மின்னியது; இந்த இரண்டின் தொப்பியிலோ மினுமினுப்பே இல்லை, கரி பூசியது போல் மங்கிக் கிடந்தது. சிறகிலும் ஒரு வெளிறிய பகுதி. அவை லண்டனின் வடக்கு ஓரத்தில் ஃபிஞ்ச்லி என்ற இடத்துத் தோப்பில் பிடிபட்டவை. எங்கோ தூர தேசத்துப் பறவை அல்ல!

ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் முன்பே தெரிந்திருந்த வில்லோ பட்டாணிக் குருவிதான் அது. இங்கிலாந்திலும் அது உண்டு என்பதே அன்றுவரை அந்நாட்டார் யாருக்கும் தெரியாது. தப்பான கட்டில் கட்டிவைத்த ஃபைலைப் போல, அடுத்த ஜாதியின் சீட்டை ஒட்டிக்கொண்டு அலமாரியில் உறங்கியிருந்தது. ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபைல் தொலைவதைவிட மோசமானது, தப்பான கட்டில் பத்திரமாக இருப்பது. அப்போது அதை யாரும் தேடக்கூட மாட்டார்கள்.

பின்னர் நடந்ததுதான் வருத்தம். 1970-க்குப் பிறகு பிரிட்டனில் இந்த வில்லோ குருவியின் எண்ணிக்கை பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. இரண்டையும் பிரித்துப் பார்த்து ஆண்டுதோறும் எழுதி வைத்தவர்கள் இருந்ததால்தான் அந்தச் சரிவு வெளியே தெரிந்தது. பழையபடி இரண்டும் ஒரே பெயரில் எண்ணப்பட்டிருந்தால், ஒன்றின் எண்ணிக்கை இன்னொன்றின் குறைவை மூடி மறைத்திருக்கும்.

பட்ட மரத்தின் மதிப்பு

வெண்பிடரிக் குருவி வாழும் இடமே அதற்கு எதிரியாக இருக்கிறது. அதற்கு வேண்டியது அடர்ந்த சோலை அல்ல. வேலும் உடையும் வளர்ந்த வறண்ட முட்காடு. அப்படிப்பட்ட நிலத்தைப் பார்த்தால் நம் வாயில் முதலில் வரும் சொல் "தரிசு". கல் உடைக்கலாம், மனை போடலாம், ஒன்றும் இல்லாவிட்டால் வேறு மரமாவது நட்டு "காடு வளர்க்கலாம்" என்று திட்டம் போடுவோம். ஏற்கெனவே அது காடுதான் என்று நினைக்கத் தோன்றாது.

இன்னொரு சங்கடம் வீட்டுப் பிரச்சினை. இந்தக் குருவியின் குட்டை அலகால் பொந்து குடைய முடியாது. மரங்கொத்தி குடைந்து, பயன்படுத்தி, விட்டுப்போன பழைய பொந்துதான் அதற்கு வீடு. முட்டையிடுவதற்கு மட்டுமல்ல, இரவில் உறங்குவதற்கும் அதுவே அடைக்கலம். முட்காட்டில் இந்த வேலையைச் செய்து தருவது மராட்டிய மரங்கொத்தி என்ற சிறு பறவை. நெற்றியில் மஞ்சள் தீற்றியிருக்கும். அதுவும் பச்சை மரத்தை விட்டுவிட்டு, உள்ளே உளுத்துப்போன பட்ட கிளையாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் குடையும்.

ஆக, குருவிக்கு மரங்கொத்தி வேண்டும். மரங்கொத்திக்குப் பட்ட கிளை வேண்டும். விறகுக்குப் போகிறவர்கள் முதலில் ஒடிப்பதும் அந்தப் பட்ட கிளையைத்தான். பச்சை மரத்தை வெட்டுவது பாவம், பட்டதை எடுத்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்பது நம் ஊர் நியாயம். வனத்துறைக் காவலர்கூடச் சுள்ளி பொறுக்குகிறவரைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. விறகுச் சுமையோடு மைல் கணக்கில் நடந்து வரும் பெண்மணியைக் குற்றம் சொல்ல யாருக்கும் மனம் வராது, சொல்லவும் கூடாது. காஸ் சிலிண்டர் வாங்க முடிந்தால் அவர் அந்த முள்ளுக்குள் போகவே மாட்டார். ஆனால் பத்தடி உயரத்தில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டையுள்ள ஒரு கிளை ஒடிபடும்போது ஒரு குடும்பம் வீட்டை இழக்கிறது என்பதும் உண்மை. அங்கே வேறு வீடு வாடகைக்குக் கிடைக்காது!

சீமைக் கருவேலைப் பற்றி ராமநாதபுரம், திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்ச்சில் 1960-களில் பெருமளவில் விதைக்கப்பட்ட அது, இன்று அங்கே நாட்டு மரங்கள் இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

உலகப் பாதுகாப்பு அமைப்புகளின் பட்டியலில் இந்தக் குருவி, அழியும் ஆபத்தை நோக்கிப் போகக்கூடிய பறவைகளின் வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. லால்பாக் குருவிக்கு அப்படி ஒரு கவலையும் இல்லை. தோட்டம், சாலை மரம், சுவர் ஓட்டை எதுவாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். பெரிய நகரத்துக்கு வந்து எந்தத் தொழிலும் செய்து சமாளித்துக்கொள்கிறவர்களைப் போல அது. மற்றதற்கு அந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை.

பொங்கல் விடுமுறையில்

பைனாகுலர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சாம்பல் முதுகுக் குருவியைப் பழகிக்கொள்ள வெறும் கண்ணே போதும். பத்துப் பதினைந்து நாள் காலையில் அதையே பார்த்துவிட்டால், கூட்டத்தில் வேறொன்று வந்து உட்காரும்போது கண் தானாகவே நின்றுவிடும். பட்டாணிக் குருவிகள் மற்றச் சிறு பறவைகளோடு கலந்து கும்பலாக இரை தேடும் வழக்கம் உள்ளவை. கும்பல் வரும்போது ஒன்றைப் பார்த்ததும் திருப்தி அடைந்து கிளம்பிவிடாமல், கடைசிக் குருவி போகும்வரை நிற்க வேண்டும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பெங்களூரில் இருப்பவர்கள் பல்லாயிரம் பேர். அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் காவிரிக்கு இப்பால் இருப்பதும் அதே மாதிரியான முட்காடுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு ஒன்று நடந்து வருகிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் எழுதி, கைப்பேசியிலோ கம்ப்யூட்டரிலோ ஈபேர்ட் என்ற பொதுப் பதிவேட்டில் சேர்த்துவிடலாம். கட்டணம் கிடையாது.

ஊரோரத்து வேலங்காட்டில் டை கட்டிய குருவி தென்பட்டால், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சிறகைப் பாருங்கள். கோடா, பட்டையா? கோடு என்றால் சாம்பல் முதுகு என்று எழுதிக்கொள்ளலாம். பட்டை என்றால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, தேதி, நேரம், இடம், எந்த மரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மரத்தில் பட்ட கிளை இருந்ததா, அதில் ஓட்டை இருந்ததா என்பதையும் கூடவே ஒரு வரி எழுதிவிடுங்கள்.